அச்சின் சுமையும் தெருவின் வலிமையும்

பாரவண்டி என்றதும் தமிழறிந்தார் நெஞ்சில் முதலில் தோன்றுவது திருக்குறளின் வலியறிதல் அதிகாரமேயாகும். மயிற்றோகை எத்துணை மெல்லியதாயினும், அளவுக்கு மிஞ்சி ஏற்றப்படின் அதனைச் சுமக்கும் வண்டியின் அச்சு இற்றுவிடும் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. அவர் காலத்து வண்டியில் முதலில் முறிந்தது மரத்தாலான அச்சுத்தான். இரும்பையும் உருக்கையும் கொண்டு எளிதில் முறியாத அச்சுக்களைச் செய்ய மனிதன் கற்றுக்கொண்ட பின்னர் நிலைமை வேறாயிற்று. அச்சு தாங்கிக்கொண்டது, அதன் கீழ்க் கிடந்த தெரு உடைந்தது. அச்சு முறிந்தால் நட்டம் வண்டிக்காரனைச் சேரும். தெரு உடைந்தால் நட்டம் யாரைச் சேரும்? இந்த வினாவுக்கு விடை காண அரசர்களும் பாராளுமன்றங்களும் பொறியியலாளரும் பதினாறு நூற்றாண்டுகளாக முயன்று வந்திருக்கின்றனர். இன்று லொறிகளுக்கு விதிக்கப்படும் அச்சுச் சுமை எல்லை என்பது அம்முயற்சியின் விளைவேயாகும்.

எழுத்தில் நிலைத்துள்ள பழைய சட்டங்களுள் உரோமப் பேரரசின் சட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. கி.பி. 438இல் வெளியிடப்பெற்ற தியோடோசியசின் சட்டத் தொகுதியிலே, அரசாங்க அஞ்சற் போக்குவரத்துக்குரிய வண்டிகள் சுமக்கக்கூடிய பாரம் வரையறுக்கப்பட்டிருக்கின்றது. நான்கு சில்லு வண்டிக்கு 1,000 உரோம றாத்தல். இரு சில்லு வண்டிக்கு 200 றாத்தல். எருது பூட்டிய கனவண்டிக்கு 1,500 றாத்தல். உரோம றாத்தல் நம் காலத்து றாத்தலிலும் சிறியது. ஆகவே, மிகப் பெரிய வண்டியும் அரைத் தொன் சுமையைத் தாண்டக் கூடாதென்பதே கட்டளை. விதித்த அளவுக்கு மேற்பட்ட வண்டியைச் செய்யும் தச்சனுக்கும் தண்டனை உண்டு. அவன் சுதந்திர மனிதனாயின் நாடுகடத்தல். அடிமையாயின் சுரங்க வேலை. இதிலிருந்து, வண்டியோட்டியைப் பிடிப்பதிலும் வண்டி பிறக்கும் பட்டறையைப் பிடிப்பது எளிது என்பதை உரோமர் அறிந்திருந்தனர் எனக் கருதலாம். எனினும் இச்சட்டங்கள் தெருவைக் காப்பதற்கென்றே எழுந்தவை எனக் கூறுதல் பொருந்தாது. அஞ்சற் சேவையின் கோவேறு கழுதைகளும் எருதுகளும் சுமை மிகுதியால் மாய்ந்துபோகாமற் காப்பதும் அவற்றின் நோக்கமாயிருந்தது.

தெருவுக்கும் சில்லுக்கும் நேர்ந்த நெடும் போரைக் காண வேண்டுமாயின் இங்கிலாந்துக்கே செல்லுதல் வேண்டும். 1555இல் நிறைவேறிய சட்டமொன்று, ஒவ்வொரு கோயிற்பற்றும் தன் எல்லைக்குள் அமைந்த பெருந்தெருக்களைத் தானே பழுதுபார்க்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. கிராமவாசிகள் ஆண்டுக்கு நான்கு நாள் கூலியின்றித் தெருவேலை செய்தல் வேண்டும். 1563இல் அது ஆறு நாளாயிற்று. கிராமத்து உழவனின் சிறு வண்டி மட்டுமே அத்தெருவில் ஓடியவரையில் இது ஒருவாறு நியாயமாகவே தோன்றியது. ஆனால் இலண்டன் மாநகர் பெருகப் பெருக, தானியமும் துணியும் ஏற்றிய நான்கு சில்லுப் பெருவண்டிகள் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வரத் தொடங்கின. எங்கிருந்தோ வந்த வணிகனின் வண்டி களிமண் தெருவை உழுதுவிட்டுப் போகும். அதனால் ஒரு காசும் ஊதியம் பெறாத குடியானவன், தன் வயல் வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்து அப்பள்ளத்தை நிரப்ப வேண்டும். மனக்கசப்போடு செய்யப்பட்ட அவ்வேலை எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1620ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னன் நான்கு சில்லு வண்டிகளைத் தடைசெய்து, இருபது அந்தருக்கு மேற்பட்ட பாரத்தை எவ்வண்டியும் ஏற்றலாகாதென்று பிரகடனம் செய்தான். இருபது அந்தர் என்பது ஒரு தொன். மன்னன் ஆணை பிறந்ததாயினும், அதனைப் பார்த்துக்கொள்ளத் தெருவோரத்தில் தராசு எதுவும் இருக்கவில்லை. எனவே பிற்காலத்துச் சட்டங்கள் எடையை விடுத்துக் கண்ணாற் காணக்கூடியதைக் கணக்கிட்டன. வண்டியொன்றிற் பூட்டத்தக்க குதிரைகள் எத்தனை என்று வரையறுத்தன. குதிரைகளை எண்ணுதல் எவர்க்கும் எளிதன்றோ? 

1663இல் இலண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவின் ஒரு பகுதியில் முதன்முதலாக ஆயம் வசூலிக்கச் சட்டம் அனுமதித்தது. தெருவைப் பயன்படுத்துபவனே அதன் செலவில் ஒரு பங்கைத் தரவேண்டும் என்னும் கொள்கை அதன்வழி நுழைந்தது. அடுத்த நூற்றாண்டில் ஆயச்சாவடிகள் நாடெங்கும் பரவின. 1741இல் பாராளுமன்றம் அச்சாவடிகளில் எடைபார்க்கும் பொறிகளை நாட்ட அதிகாரமளித்தது. அறுபது அந்தருக்கு மேற்பட்ட ஒவ்வோர் அந்தருக்கும் இருபது சிலிங் மேலதிக ஆயம் வாங்கலாம். கூலியாளன் ஒருவன் நாளொன்றுக்குப் பெறுவது ஏறத்தாழ ஒரு சிலிங்காயிருந்த காலம் அது. 

அக்காலத்து எடைப்பொறி வேடிக்கையானது. உயரமான கட்டிடத்தின் சுவரிலிருந்து நீண்ட துலாக்கோல் ஒன்று தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து தொங்கும் சங்கிலிகளால் வண்டியைச் சுமையோடு தூக்கி அந்தரத்தில் நிறுத்தி நிறை காண்பார்கள். இத்தகைய துலாக்கோல்கள் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உட்பிரிட்ஜ், சோகம் என்னும் ஊர்களிலுள்ள விடுதிகளில் எஞ்சி நின்றன. இந்தச் சிரமத்தைத் தீர்த்தவர் ஜோன் உவையற்று என்பவர். நூல் நூற்கும் யந்திரம் ஒன்றை அமைக்க முயன்று செல்வம் காணாதுபோன அதே உவையற்றுத்தான். 1740ஆம் ஆண்டுகளில் பர்மிங்காம் நகரில் அவர் அமைத்த பொறியில், வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. நிலமட்டத்திற் பதித்த மேடையின்மேல் வண்டி வந்து நின்றால் போதும். மேடைக்குக் கீழே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட நெம்புகோல்கள் பெரும் பாரத்தைச் சிறு படிக்கல்லால் அளந்து காட்டின. இன்றைய எடைமேடைகள் பலவற்றின் மூதாதை அதுவே.

1753இல் பாராளுமன்றம் வேறொரு வழியையும் மேற்கொண்டது. ஒடுங்கிய சில்லு கத்திபோல் தெருவை வெட்டுகின்றது. அகன்ற சில்லோ உருளைபோல் அதனை அமர்த்துகின்றது. ஆகவே வண்டிச் சில்லின் வட்டை ஒன்பது அங்குல அகலமுடையதாதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் உட்கிடை. அகன்ற சில்லு பூட்டியவருக்கு ஆயம் குறைக்கப்பட்டது. சில காலம் முற்றாகவே நீக்கப்பட்டது. முன்சில்லும் பின்சில்லும் ஒரே தடத்தில் ஓடாது, இரண்டும் சேர்ந்து பதினாறு அங்குல அகலத்தை அமர்த்துமாறு செய்யப்பட்ட வண்டிகளுக்கு மேலும் சலுகை கிடைத்தது. கொள்கையளவில் இது நன்றே. சுமையைப் பரப்பினால் தெருவுக்குத் தீங்கு குறையும் என்ற உண்மை இதில் அடங்கியிருக்கின்றது. சேற்று நிலத்தில் நடப்பவன் காலடியிற் பலகை இட்டுக்கொள்வதும் அதனாலேயே.

ஆனால் சட்டம் அகலத்தைக் கேட்டது. வண்டிக்காரர் அகலத்தை மட்டுமே கொடுத்தனர். ஒன்பது அங்குல வட்டையின் நடுவில் மட்டும் இரும்புப் பட்டத்தைப் புடைக்கச் செய்து, உண்மையில் இரண்டு மூன்று அங்குலமே நிலத்தைத் தொடும்படி ஓட்டினர். வேறு சிலர் சில்லைக் கூம்பு வடிவில் அமைத்தனர். கூம்பு நேராக உருள விரும்புவதில்லை; வட்டமிட்டுச் சுழலவே அதன் இயல்பு. அதனை நேராக இழுத்துச் செல்லும்போது அது தெருக்கல்லை அம்மிபோல் அரைத்துத் தள்ளிற்று. இதனைச் சோதனைகளால் எடுத்துக்காட்டி 1797இல் எழுதியவர் அலெக்சாந்தர் கமிங் என்னும் கடிகாரத் தொழிலாளர். நீர்க்கழிகூடத்தின் வளைந்த குழாய்க்கு 1775இல் உரிமைப் பத்திரம் பெற்றவரும் அவரே. ஆகத் தெருவைக் காக்க எழுந்த சட்டம் தெருவை அரைக்கும் சில்லுக்கு ஆயச் சலுகை கொடுத்து வந்தது. சட்டம் எழுதுவோர் வண்டிப் பட்டறைக்குள் ஒருமுறையேனும் நுழைந்து பார்த்திருந்தால் இவ்விபரீதம் நேர்ந்திராது.

வண்டிக்காரரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கூடிய சுமையைக் குறைந்த குதிரைகளால் இழுத்தாற்றான் நிலக்கரியும் கோதுமையும் நகரத்து ஏழைக்கு மலிவாகக் கிடைக்கும். இந்த வழக்கில் அவர்களுக்கு எதிர்பாராத துணையாக வந்தவர் ஸ்கொத்லாந்தினரான ஜோன் லவுடன் மக்கடம். 1816இல் பிறிஸ்ரல் நகரத் தெருக்களின் மேற்பார்வையாளரான அவர், சுமையைத் தாங்குவது தெருவின் மேற்கல் அன்று, அதன் கீழுள்ள இயற்கை மண்ணே என்றார். அம்மண் உலர்ந்திருக்கும்வரை எப்பாரத்தையும் தாங்கும். ஆறு அவுன்சுக்கு மேற்படாத கற்சல்லிகளை இறுகப் பரப்பி நீர் உட்புகாமற் செய்வதே தெரு அமைப்போனின் கடமை. சுமைக்கேற்பத் தெருவை அமைக்க வேண்டுமேயன்றித் தெருவுக்கேற்பச் சுமையைக் குறைக்க முனைவது தவறு என்பது அவர் கட்சி. இன்றுவரை இவ்வழக்கில் எதிரெதிரே நிற்கும் இரு கட்சிகளும் அன்றே உருவாகிவிட்டன.

நீராவி வண்டிகள் வந்தபின் 1861ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் நிறையைப் பன்னிரண்டு தொன்னாக வரையறுத்தது. அதன் பின்னர் 1904இல் பிரித்தானியாவில் வெளியான கனரக மோட்டார் வண்டிக் கட்டளையே வண்டியின் மொத்த நிறையோடு ஒவ்வோர் அச்சின் நிறையையும் தனித்தனியே பதிவுசெய்ய வேண்டுமென விதித்து, ஓரச்சுக்கு எட்டுத் தொன் என்னும் எல்லையை வகுத்தது. இந்த மாற்றம் சிறிதன்று. பாலத்துக்கு வண்டியின் மொத்தப் பாரம் முக்கியம். தெருவுக்கோ ஒரு கணத்தில் ஓரிடத்தை அழுத்தும் பாரமே முக்கியம். பதினைந்து தொன் வண்டி இரண்டு அச்சில் நின்றால் ஒரு விதம். மூன்று அச்சில் நின்றால் முற்றிலும் வேறு விதம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வழக்கு தாமதமாகத் தொடங்கி வேகமாக வளர்ந்தது. 1913இல் நான்கு மாநிலங்கள் லொறிகளுக்கு நிறை எல்லை விதித்தன. மெயின் 18,000 றாத்தல் என்றது. மசச்சூசெற்சு 28,000 என்றது. பென்சில்வேனியாவும் வாசிங்டனும் 24,000 என்றன. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், இத்துணை வேறுபாடு இருந்ததிலிருந்தே அவை அளந்து கண்ட எண்களல்ல, ஊகித்த எண்கள் என்பது விளங்கும். முதலாம் உலகப் போரின்போது புகையிரதப் பாதைகள் நெரிசலுற, 1917-18 மாரிகாலத்தில் கனமான இராணுவ லொறிகள் கிழக்குத் துறைமுகங்களை நோக்கித் தெருவழியே அனுப்பப்பட்டன. இலேசான வண்டிகளுக்கென அமைந்த தெருக்கள் பல அடுத்த வசந்தத்தில் சிதைந்துபோயின.

குளிர்நாட்டுத் தெருவுக்கு வசந்தமே எமன். மாரியில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து பனிக்கட்டியாகி, மேலும் நீரை ஈர்த்துத் தடிக்கும். அப்போது தெரு பாறைபோல் இருக்கும். வெயில் பட்டு மேற்பரப்பிலிருந்து பனி உருகும்போது, கீழ்ப்பகுதி இன்னும் உறைந்திருப்பதால் நீர் வடிய வழியின்றி மண் கூழாகிவிடும். அக்கூழின்மேல் கனலொறி ஏறினால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுமோ? மக்கடம் வலியுறுத்திய ஈரத்தின் பகையை அமெரிக்கர் தம் செலவிலேயே மீண்டும் கற்றனர்.

ஊகத்தை விட்டு அளவைக்குத் திரும்பும் முயற்சி இலினோய் மாநிலத்தில் 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் செய்யப்பட்ட பேற்சு தெருச் சோதனையோடு ஆரம்பமாயிற்று. 1950இல் மேரிலாந்தில் ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட கொங்கிறீற்றுத் தெருவில் லொறிகள் மாதக்கணக்கில் ஓட்டப்பட்டன. அவற்றின் அச்சுச் சுமைகளில் ஒன்று 22,400 றாத்தல், அதாவது சரியாகப் பத்துத் தொன். கனமான அச்சு கொங்கிறீற்றுப் பலகையின் ஓரத்தை அழுத்தும்போதெல்லாம், கீழிருந்த நீரும் களிமண்ணும் பிளவுகளின் வழியே பீறிட்டு வெளியேறின. சிறிது சிறிதாக மண் வெளியேற, பலகை வெறும் பள்ளத்தின்மேற் கிடந்து வெடித்தது. 1952 முதல் 1954 வரை ஐடகோ மாநிலத்தில் தார்த் தெருவுக்கும் இத்தகைய சோதனை நடந்தது.

இவற்றையெல்லாம் விஞ்சிய பெருஞ் சோதனை, சிக்காகோவுக்குத் தென்மேற்கே எண்பது மைல் தொலைவில், ஒட்டாவா என்னும் சிற்றூருக்கு அருகே நடந்தது. மாநிலப் பெருந்தெரு அதிகாரிகளின் சங்கம் அதனை ஏற்பாடு செய்தது. செலவு 2 கோடியே 70 இலட்சம் டொலர். அதற்கு அவசரமான ஒரு காரணமும் இருந்தது. 1956இல் அமெரிக்கா நாடு தழுவிய விரைவுத் தெருக்களை அமைக்கச் சட்டமியற்றி, அவற்றில் ஓரச்சுக்கு 18,000 றாத்தல், இரட்டையச்சுக்கு 32,000 றாத்தல், மொத்தம் 73,280 றாத்தல் என எல்லை வகுத்திருந்தது. 18,000 றாத்தல் என்பது பிரித்தானியர் 1904இல் வகுத்த எட்டுத் தொன்னுக்கு ஏறத்தாழச் சமம் என்பது கவனிக்கத்தக்கது. பல்லாயிரம் மைல் தெருவை எவ்வளவு தடிப்பாக அமைப்பது? லொறிக்காரரிடம் எவ்வளவு வரி கேட்பது நியாயம்? இரண்டுக்கும் விடை ஒரே அளவையில் இருந்தது.

அங்கே ஆறு தடங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் 836 சோதனைத் துண்டுகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு தடிப்பு. தார்த் தெருவும் உண்டு, கொங்கிறீற்றும் உண்டு. பதினாறு சிறு பாலங்களும் உண்டு. முதலாம் தடத்தில் வண்டியே ஓடவில்லை. வெயிலும் பனியும் மட்டும் தெருவை என்ன செய்யும் எனக் காண்பதற்காக அது சும்மா விடப்பட்டது. மற்றத் தடங்களில் 2,000 றாத்தல் அச்சிலிருந்து 30,000 றாத்தல் அச்சுவரை வகை வகையாக ஓடின. இராணுவப் போக்குவரத்துப் படையினர் வண்டிகளை ஓட்டினர். 1958 ஒக்டோபர் முதல் 1960 நவம்பர் இறுதிவரை, நாளொன்றுக்குப் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேலாக, எங்கும் போய்ச் சேராத அத்தெருக்களில் அந்த இளைஞர்கள் சுற்றிச் சுற்றி ஓட்டிய தூரம் ஒரு கோடியே எழுபது இலட்சம் மைல். ஒவ்வொரு சோதனைத் துண்டின்மீதும் சென்ற அச்சுக்களின் தொகை பதினொரு இலட்சத்துக்கு மேல். பொறியியலாளரின் பெயர்கள் அறிக்கைகளில் நிலைத்தன; இரவிலும் பனியிலும் சில்லுருட்டிய போர்வீரரை நினைப்பார் அரிது.

தெரு பழுதுற்றது என்பதை எவ்வாறு அளப்பது? ஒருவருக்குப் பள்ளமாகத் தோன்றுவது மற்றொருவருக்குப் பொறுக்கத்தக்கதாயிருக்கும். எனவே குழுவொன்று பல தெருக்களில் வண்டியில் ஏறிச் சென்று, ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் ஐந்து வரை புள்ளியிட்டது. அவர்தம் புள்ளிகளையும் தெருவின் மேடுபள்ளம், வெடிப்பு ஆகியவற்றின் அளவைகளையும் ஒப்பிட்டு ஒரு சூத்திரம் வகுத்தார்கள். மனிதரின் முதுகு உணர்ந்ததைக் கணிதமாக்கிய முறை எனலாம். பரீட்சைத் தாள் திருத்துவோர் அறிந்த சங்கடம் இதிலும் உண்டு. ஆயினும் வேறு வழியில்லை.

கண்ட முடிவு பலரைத் திகைக்கச் செய்தது. அச்சின் சுமை கூடும்போது தெருவுக்கு நேரும் சேதம் அதே விகிதத்திற் கூடுவதில்லை. ஏறத்தாழ நான்காம் அடுக்கிற் கூடுகின்றது. சுமை இரு மடங்கானால் சேதம் இரு மடங்கன்று, பதினாறு மடங்கு. அனுமதித்த சுமைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டினாற் சேதம் ஏறக்குறைய அரைப்பங்கு கூடிவிடும். மோட்டார்க் காரின் 2,000 றாத்தல் அச்சோடு லொறியின் 18,000 றாத்தல் அச்சை ஒப்பிட்டால் சுமை ஒன்பது மடங்கே. சேதமோ 6,561 மடங்கு. இரட்டையச்சின் பயனும் இங்கேதான் தெளிவாயிற்று. தார்த் தெருவில், 32,000 றாத்தலை இரண்டு அச்சுக்களிற் பகிர்ந்து சுமக்கும் லொறிப் பகுதி, 18,000 றாத்தலை ஒற்றையச்சிற் சுமப்பதினும் சற்றுக் குறைவாகவே தெருவை வருத்திற்று.

நான்காம் அடுக்கு என்பது இயற்கையின் மாறா விதியன்று. ஒரே வகை மண்ணில், ஒரே காலநிலையில், இரண்டே ஆண்டுகளிற் கண்ட முடிவு அது. தெருவின் அமைப்புக்கேற்ப அவ்வடுக்கு கூடியும் குறைந்தும் வருவதைப் பின்வந்த ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனினும் அதன் திசையை எவரும் மறுக்கவில்லை. பல நாடுகளின் தெருவமைப்பு நூல்கள் அந்த 18,000 றாத்தல் அச்சையே அலகாகக் கொண்டு, தெருவொன்று தன் ஆயுளில் அத்தகைய அச்சுக்கள் எத்தனை இலட்சத்தைத் தாங்கும் என்று கணக்கிடத் தொடங்கின.

பாலங்களின் வழக்கு தனி. 1967 டிசம்பர் 15இல் ஒகாயோ நதியின் மேலிருந்த வெள்ளிப் பாலம், மாலை நேரத்து வண்டி நெரிசலோடு நதியில் வீழ்ந்தது. நாற்பத்தாறு பேர் மாண்டனர். சங்கிலியின் உருக்குத் துண்டொன்றில் உண்டான நுண்ணிய வெடிப்பே அதற்குக் காரணம். ஆயினும் 1928இல் அப்பாலம் கட்டப்பட்டபோது ஓடிய வண்டிகளிலும் பன்மடங்கு கனமான வண்டிகள் அதன்மேல் ஓடி வந்தன என்பதையும் மறக்கலாகாது. பழைய பாலங்களைப் பற்றிய அச்சம் நாடெங்கும் எழுந்தது. ஆகவே 1974ஆம் ஆண்டுச் சட்டம், ஓரச்சுக்கு 20,000 றாத்தலும் இரட்டையச்சுக்கு 34,000 றாத்தலும் மொத்தம் 80,000 றாத்தலும் என எல்லையை உயர்த்தியபோது, கூடவே பாலச் சூத்திரம் ஒன்றையும் சேர்த்தது. அச்சுக்களின் தொகையும் அவற்றின் இடைத்தூரமும் கூடினால் மட்டுமே நிறையும் கூடலாம். நீண்ட லொறியின் பாரம் பாலத்தின் பல பகுதிகளிற் பரவும். குறுகிய லொறியின் அதே பாரம் ஒரே இடத்திற் குவியும்.

அவ்வுயர்வுக்குப் பொறியியல் மாத்திரம் காரணமன்று. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியால் லொறிகளின் வேகம் மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டிருந்தது. இழந்த வேகத்துக்கு ஈடாகக் கூடிய சுமை தரப்பட்டது. வேகம் குறைந்ததற்காகத் தெரு ஏன் கூடச் சுமக்க வேண்டும் என்று தெருவின் சார்பிற் கேட்பதற்கு அன்று ஆள் குறைவு. 1979இல் அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம், முழுச் சுமையேற்றிய ஐந்தச்சு லொறி ஒன்று தெருவுக்குச் செய்யும் சேதம் 9,600 கார்கள் செய்யும் சேதத்துக்குச் சமம் என மதிப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. 

மத்திய அரசு புதிய எல்லையை அனுமதித்ததேயன்றி, ஏற்றுக்கொள்ளும்படி முதலில் வற்புறுத்தவில்லை. பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றன. மிசிசிப்பி நதியோரத்து மாநிலங்கள் சில மறுத்தமையால், நாட்டின் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் லொறிகள் அவற்றின் எல்லையில் சுமையைக் குறைக்கவோ சுற்றிப் போகவோ நேர்ந்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் அம்மறுப்பை முடிவுக்குக் கொண்டுவந்து, 80,000 றாத்தல் லொறிகளுக்கு விரைவுத் தெருக்களைத் திறந்துவிடுமாறு எல்லா மாநிலங்களையும் பணித்தது. இறுதிவரை மறுத்து நின்றவை மூன்று மாநிலங்கள்: ஆக்கன்சோ, மிசூரி, மற்றையது ஒட்டாவாச் சோதனை நடந்த இலினோய். அச்சோதனைத் தடத்தின் ஒரு பகுதியோ, அதற்கு முன்னரே, 80ஆம் இலக்க விரைவுத் தெருவோடு சேர்க்கப்பட்டு லொறிகளின் சில்லுகளுக்குக் கீழ்க் கிடந்தது.